இளநாற்றுகளும் இரவு விருந்தாளிகளும்: கோத்தகிரிப் பக்கத்து வீட்டுத் தோட்டங்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரிக்கு அருகே, வீட்டை ஒட்டிய சிறிய இடத்தில் முட்டைக்கோஸ், காலிஃபிளவர், நூக்கோல் நாற்றுகளை வளர்த்து விற்று வருகிறேன். வாங்கிச் சென்றவர்களில் பலர் இரண்டு வாரத்துக்குள் திரும்பி வருவார்கள். நாற்றில் குறை சொல்வதற்காக அல்ல. நட்டதை ஏதோ ஒன்று தின்றுவிட்டது என்பதால் மறுபடியும் வாங்குவதற்காக. வியாபாரத்துக்கு அது நல்லதுதான் என்றாலும், ஒரே கேள்விகளுக்கு ஒரே விடைகளைப் படலையில் நின்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். இவை ஐந்து, பத்து சென்ட் அளவுள்ள வீட்டுத் தோட்டங்களுக்கானவை. கூடலூர், மசினகுடிப் பக்கத்து யானைப் பிரச்சினை வேறு அளவிலானது. அதை நான் இங்கே தொடவில்லை.

நட்ட மறுநாள் காலையில் பார்த்தால் செடியைக் காணோம். வந்தது எந்த மிருகம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வேலியைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் இதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும். முதலில் மிஞ்சியிருக்கும் தண்டைக் குனிந்து பாருங்கள். மாடு, கடமான், கேளையாடு, காட்டெருமை ஆகியவற்றுக்கு மேல்தாடையின் முன்பகுதியில் வெட்டும் பற்கள் இல்லை. ஆகவே அவை இலையைப் பிடித்து இழுத்துக் கிழிக்கும், தண்டின் முனை நார்நாராக நிற்கும். முயலுக்கும் எலிக்கும் முள்ளம்பன்றிக்கும் மேலும் கீழும் கூர்மையான முன்பற்கள் இருப்பதால், வெட்டு கத்தியால் சீவியதுபோல் சுத்தமாக இருக்கும். முயல் பெரும்பாலும் சாய்வாக வெட்டும். பக்கத்தில் உருண்டையான, நார் தெரியும் புழுக்கைகள் கிடக்கும்.

செடி வெட்டுப்பட்டு, தின்னப்படாமல் அங்கேயே விழுந்து கிடந்தால் விலங்கைச் சந்தேகிக்க வேண்டாம். அது பெரும்பாலும் வெட்டுப்புழுவின் வேலை. வேரோடு பிடுங்கி, கடித்துப் பார்த்து, நாலு அடி தள்ளி எறியப்பட்டிருந்தால் குரங்கு. மண்ணே உழுததுபோல் புரண்டிருந்தால் காட்டுப்பன்றி. இலையில் ஒழுங்கற்ற ஓட்டைகளும் காய்ந்த பசைபோல் மினுங்கும் கோடுகளும் இருந்தால் நத்தை. எதுவும் புரியவில்லையென்றால், மாலையில் பாத்தியைச் சுற்றி ஓர் அடி அகலத்துக்கு ஈரமண்ணைச் சமமாகத் தடவி விடுங்கள். காலையில் அதன்மேல் கால்தடம் பதிந்திருக்கும்.

எனக்கும் இந்தப் பாடம் செலவு வைத்துத்தான் வந்தது. ஒரு வருடம் முயல்தான் என்று முடிவு கட்டி, பாத்தியைச் சுற்றிக் கோழிவலை அடித்தேன். அடித்து முடித்த மூன்றாம் நாளும் பத்து நாற்றுகள் சாய்ந்து கிடந்தன. மண்ணைக் கிளறியபோது, சுருண்டு கிடந்த சாம்பல் நிறப் புழுக்கள்தான் கிடைத்தன.

வேலி எவ்வளவு உயரம் போட்டால் போதும்?

வேலியைப் பொறுத்தவரை பெரும்பாலான விலங்குகளுக்கு உயரத்தைவிட அடிப்பகுதிதான் முக்கியம். முயலுக்கு இரண்டரை முதல் மூன்று அடி உயரமும் ஓர் அங்குலத் துளையும் உள்ள கோழிவலை போதுமானது. ஆனால் வலையின் அடிப்பகுதியை அரை அடி அளவுக்கு வெளிப்பக்கமாக மடித்து, மண்ணுக்குள் புதைக்கவோ கல் வைத்து அழுத்தவோ வேண்டும். தோண்டி நுழையப் பார்க்கும் விலங்கு வேலியின் ஓரத்தில் நின்றுதான் தோண்டும். அங்கே காலடியில் வலை இருந்தால் அதற்கு வழி கிடைக்காது. வலையை நேராகக் கீழே புதைப்பதைவிட இப்படி மடிப்பதற்கு வேலையும் குறைவு.

கம்பங்களுக்குச் சீகை (வாட்டில்) மரக் கழிகளே இங்கே மலிவு. கற்பூரமரக் (யூகலிப்டஸ்) கழியும் சரிதான். எதுவானாலும் மண்ணுக்குள் போகும் பகுதியின் பட்டையை உரித்து, நெருப்பில் லேசாகக் கருக்கிய பின் நட்டால், இந்த ஈரத்தில் இன்னும் ஒரு மழைக்காலமாவது கூடுதலாகத் தாங்குகிறது.

தோட்டம் முழுவதும் வேலி போட வசதியில்லை. பாத்திக்கு மட்டும் ஏதாவது செய்ய முடியுமா?

முடியும், என்னைக் கேட்டால், சிறிய தோட்டத்துக்கு அதுதான் சரியான வழி. செடி வாழும் நாள் முழுவதும் அதற்குக் காவல் தேவையில்லை. வேர் பிடிக்காத, ஒரே கடியில் உயிர் போய்விடுகிற முதல் நான்கு, ஐந்து வாரங்களுக்குத்தான் தேவை. அதற்காக ஐந்து சென்ட் நிலத்தையும் கோட்டை கட்டிக் காப்பது வீண்செலவு. ஆறடி நீளம், மூன்றடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் கழிகளால் ஒரு சட்டம் செய்து, நான்கு பக்கமும் மேற்பக்கமும் அரை அங்குலத் துளையுள்ள கம்பிவலையை அடித்துவிட்டால், அது ஒரு பாத்திக்கான கூண்டாகிவிடும். இருவர் தூக்கி அடுத்த பாத்திக்கு மாற்றலாம். அளவை முதலிலேயே முடிவு செய்து, எல்லாப் பாத்திகளையும் அந்த அகலத்துக்கே வெட்டிக்கொள்ளுங்கள். கூண்டைச் செய்துவிட்டுப் பாத்தியைத் தேடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அந்தச் செலவும் வேண்டாமென்றால், பழைய தண்ணீர்க் குழாயைத் துண்டுகளாக வெட்டி வில்லாக வளைத்து, இரண்டடிக்கு ஒன்றாகப் பாத்தியின் குறுக்கே செருகி, மேலே பழைய கொசுவலையை இழுத்துக் கட்டலாம். இது பறவைகளையும் ஓரளவு முயலையும் தடுக்கும்; எலி, பன்றி, குரங்கு முன்னால் நிற்காது. ஆனால் டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான உறைபனி நாட்களில் அதே வில்லின்மேல் இரவில் சாக்கைப் போர்த்தி, காலையில் எடுத்துவிடலாம் என்பது இதில் கூடுதல் லாபம்.

தனித்தனிச் செடிகளுக்கு, அடிப்பகுதி வெட்டிய பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டிலைக் கவிழ்க்கும்படி பலர் சொல்வார்கள். நீலகிரியில் அந்தப் பாட்டில்களுக்கே தடை இருக்கும்போது அதைத் தேடி அலைய வேண்டியதில்லை. கிழிந்த மூங்கில் கூடையைக் கவிழ்த்து மேலே ஒரு கல் வைத்தால், இரவுக்கு அதே வேலையைச் செய்கிறது.

எத்தனை நாள் மூடி வைக்க வேண்டும்?

முட்டைக்கோஸ், காலிஃபிளவர் போன்றவற்றுக்கு, தண்டு பென்சில் தடிமனுக்கு வந்து, ஏழெட்டு இலை விடும்வரை. பீன்ஸுக்குக் கொடி கழியைப் பிடிக்கும்வரை. கூண்டை ஒரே நாளில் எடுத்துவிடாமல், முதலில் பகலில் மட்டும் திறந்து ஒரு வாரம் பழக்குங்கள்.

கேரட்டையும் பட்டாணியையும் நாற்றாக நட முடியாதே. விதைத்த இடத்திலேயே எப்படிக் காப்பது?

கேரட்டைப் பிடுங்கி நட்டால் கிழங்கு கிளைத்துக் கோணலாகிவிடும் என்பதால் அதை நேரடியாகத்தான் விதைக்க வேண்டும். முளைக்க இரண்டு வாரம்கூட ஆகும். அதுவரை பாத்தியைக் கிளறும் கோழியும், வெயில் காயப் படுத்துப் புரளும் நாயும்தான் எதிரிகள். விதைத்த பாத்தியின்மேல் முள் உள்ள காய்ந்த கிளைகளை நெருக்கமாகப் பரப்பி வையுங்கள். முளை தெரிந்ததும் எடுத்துவிட்டு, மேலே சொன்ன வில்வலையைப் போடுங்கள்.

பட்டாணிக்கும் பீன்ஸுக்கும் முளை வெளிவரும் அந்த ஒரு வாரம்தான் கண்டம். கொண்டைக்குருவிகள் இளம் முளையைக் கொத்தும், எலிகள் விதையையே தோண்டி எடுத்துவிடும். பட்டாணியை மட்டும் நான் தட்டில் முளைக்கவைத்து, இரண்டு அங்குலம் வளர்ந்தபின் வேர் அசையாமல் எடுத்து நடுகிறேன். கேரட்டைப்போல் அது கோபித்துக்கொள்வதில்லை.

பறவைக்காக நைலான் வலை போட்டேன். அதில் பாம்பு சிக்கிக்கொண்டது. என்ன செய்வது?

மீன்வலை போன்ற மெல்லிய நைலான் வலை தரையில் தளர்ந்து கிடந்தால் பாம்பு, ஓணான், பறவை எல்லாம் சிக்கும். பாம்பு முன்னோக்கி நகர்ந்தே தப்பிக்கப் பார்ப்பதால் இழை செதிலுக்குள் இறுகிவிடும். நீங்களாக அதை அவிழ்க்க முயலாமல் வனத்துறைக்குத் தகவல் கொடுங்கள். இனிமேல் இழுத்துக் கட்டக்கூடிய, விறைப்பான, நெருக்கமான பின்னலுள்ள வலையையோ நிழல்வலையையோ பயன்படுத்தி, ஓரத்தைத் தரையில் தொங்கவிடாமல் கழியில் சுற்றிக் கட்டுங்கள். மண்ணைக் கொத்தும்போது தட்டுப்படும், வால் மழுங்கிய சிறு மண்பாம்புகள் மண்புழு தின்பவை, விஷமற்றவை. அவற்றை அடிக்க வேண்டாம்.

தலைமுடி, மிளகாய்ப்பொடி, பழைய சேலை, இவையெல்லாம் உண்மையில் வேலை செய்யுமா?

சில நாட்களுக்குச் செய்யும். காட்டுப்பன்றிக்குப் பார்வை மந்தம், மோப்பம் அதிகம். சலூனிலிருந்து அள்ளிவந்த முடியைத் தூவினால் முதல் வாரம் தயங்கும். மழை பெய்து மனித வாடை போனதும் அது வெறும் முடி. மிளகாய்ப்பொடியும் அப்படித்தான், சமவெளியில் ஒரு வாரம் நிற்பது இங்கே மூடுபனியிலேயே கரைந்துவிடுகிறது. மிளகாயைப் பழைய என்ஜின் ஆயிலில் குழைத்துக் கயிற்றில் தடவுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. இந்தச் சரிவுகளில் மேலே ஊற்றியது கீழே இன்னொருவருடைய கிணற்றுக்குத்தான் போய்ச் சேரும்.

சேலை வேலி இவற்றுள் மேலானது. இரவில் பன்றிக்கு அதன் பின்னால் என்ன இருக்கிறதென்று தெரியாது, காற்றில் அசைவதும் அச்சம் தரும். ஆனால் ஒரே சேலை ஒரே இடத்தில் ஒரு மாதம் இருந்தால், அது வேலியல்ல, துணி என்பதைப் பன்றி கற்றுக்கொள்ளும். ஆகவே இத்தகைய விரட்டிகளை, நாற்று வேர் பிடிக்கும் காலத்துக்கு மட்டும், நான்கைந்து நாளுக்கொரு முறை மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். சோளக்கொல்லைப் பொம்மையைப் பற்றியும் இதே விடைதான். குரங்கு அதன் தோளில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர்கள் மறுபடி கேட்பதில்லை.

நத்தைக்கு உப்புத் தூவலாமா?

பாத்தியில் தூவ வேண்டாம். நத்தை சாகும், ஆனால் அந்த உப்பு மண்ணில் தங்கி நாற்றின் வேரையும் கெடுக்கும். இரவு எட்டு மணிக்குமேல் டார்ச்சோடு போய், கையுறை அணிந்து பொறுக்கி, உப்புக் கரைத்த வாளியில் போடுங்கள். மாலையில் ஈரச்சாக்கு ஒன்றைப் பாத்தியோரம் விரித்து வைத்தால் அதனடியில் வந்து ஒளியும். காலையில் சாக்கைப் புரட்டினால் போதும். மாலையில் தண்ணீர் ஊற்றும் பழக்கத்தை விட்டுக் காலைக்கு மாற்றினாலே இரவில் நத்தையின் நடமாட்டம் குறையும். சாம்பல் வளையம் காய்ந்திருக்கும்வரைதான் பயன்படும், அது இங்கே எத்தனை நாள் காய்ந்திருக்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

கடையில் விற்கும் நத்தைக்கொல்லி மாத்திரைகளில் மெட்டால்டிஹைடு இருந்தால், நாயோ பூனையோ உள்ள வீட்டில் அதை வைக்காதீர்கள். அவற்றுக்கு அது கொடிய நஞ்சு. வாத்து நத்தையைத் தின்னும் என்பது உண்மை. நாற்றையும் தின்னும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

எலிக்கு மருந்து வைத்தால் சுலபமாக முடிந்துவிடுமே?

மருந்து தின்ற எலி அங்கேயே சாவதில்லை. தள்ளாடிக்கொண்டு திரியும் அதை ஆந்தையோ கீரியோ பிடித்துத் தின்றால், உங்களுக்காக எலி பிடித்துக்கொண்டிருந்த உயிரும் போய்விடுகிறது. கம்பிப்பொறியில் கருவாட்டுத் துண்டோ சுட்ட தேங்காயோ வைத்துப் பிடிப்பதுதான் வீட்டுத் தோட்டத்துக்குச் சரி. பொறியை நடுப்பாத்தியில் வைக்காமல், எலி ஓடும் தடத்தில், சுவரையோ கல் அடுக்கையோ ஒட்டி வையுங்கள். கூண்டின் வலையில் அரை அங்குலத்தைவிடப் பெரிய துளை இருந்தால் எலிக்கு அது வாசல். சுண்டெலிக்குக் கால் அங்குலம் வேண்டும்.

முள்ளம்பன்றி கிழங்கைத் தோண்டித் தின்கிறது. கோழிவலையையும் கிழித்துவிட்டது.

கிழிக்கத்தான் செய்யும்; மரத்தையே கொறிக்கும் பற்கள் அவை. உருளைக்கிழங்கு, கேரட், பீட்ரூட் இருக்கும் பாத்திக்குக் கோழிவலைக்குப் பதிலாகத் தடித்த வெல்டு மெஷ், அதாவது கம்பிகளைப் பற்றவைத்துச் செய்த வலை, வேண்டும். ஒரு அடி ஆழமாவது புதைத்து, பிறகு முன்னே சொன்னபடி வெளிப்பக்கம் மடிக்க வேண்டும். காட்டுப்பன்றிக்கும் இதே வலைதான், ஆனால் அது முகத்தால் முட்டித் தூக்கும் என்பதால் கம்பங்களை நெருக்கி, ஐந்தடிக்கு ஒன்றாக நட்டு, அடிக்கம்பியை முறுக்கி இழுத்துக் கட்டுங்கள்.

செலவு தாங்காதென்றால் இடத்தை மாற்றுங்கள். கிழங்குப் பயிரை வீட்டுச் சுவரை ஒட்டி, வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள பக்கத்தில் போட்டுவிட்டு, காட்டோரப் பாத்தியில் பூண்டு நடுங்கள். என் தோட்டத்தில் பூண்டை மிதித்த விலங்குகள் உண்டு, தின்றது எதுவும் இதுவரை இல்லை.

குரங்குக்கு என்னதான் செய்வது?

மேற்பக்கமும் மூடிய கூண்டு, அதுவும் கொக்கி போட்டுக் கட்டியது. இதைத் தவிர நம்பகமான வழி எனக்குத் தெரிந்து இல்லை. நாட்டுக்குரங்கு பகலில் வருவது, கூட்டமாக வருவது, நீங்கள் வீட்டுக்குள் போகும் நேரத்தைக் கவனித்து வருவது. கல் வைத்த மூடியை அது தூக்கிவிடும். கட்டுக்கம்பியை இரண்டு முறுக்கு முறுக்கினால் பெரும்பாலும் விட்டுவிடும். சமையல் கழிவைத் திறந்த குழியில் கொட்டுவதை நிறுத்துங்கள், சுற்றுலா வந்தவர்கள் சாலையில் பிஸ்கட் போடுவதைக் கண்டால் தடுத்துச் சொல்லுங்கள். அந்த பிஸ்கட்டைத் தேடி வந்த கூட்டம்தான் அடுத்து உங்கள் பாத்திக்கு வருகிறது.

உடல் கறுத்து, தலைமுடி பழுப்பாக இருக்கும் கருமந்தி வேறு இனம். அது பெரும்பாலும் மரத்தில் இலை தின்பது. மேற்குத்தொடர்ச்சி மலையை விட்டால் உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லாதது. இரண்டையும் ஒன்றாக எண்ணிக் கல்லெறிய வேண்டாம்.

காட்டெருமை வேலியோடு சேர்த்து மிதித்துவிட்டுப் போகிறது. அதற்கு எந்த வலை?

எந்த வலையும் இல்லை. எல்லாரும் காட்டெருமை என்று சொன்னாலும் அது எருமையல்ல, காட்டு மாடு. வளர்ந்த ஆண் 1,000 கிலோவை நெருங்கக்கூடியது. அதன் வழியில் வேலி போட்டால் வேலிதான் போகும், கம்பி காலில் சிக்கினால் அது மிரண்டு இன்னும் பாழாக்கும். தேயிலைத் தோட்டத்துக்கும் நீர்நிலைக்கும் இடையே அது வழக்கமாகப் போகும் தடம் உங்கள் நிலத்தின் ஒரு மூலையில் இருந்தால், அந்த மூலையைத் திறந்தே விட்டுவிட்டு, பாத்திகளை மறுபக்கம் தள்ளி வையுங்கள். இந்த யோசனையைக் கேட்டதும் பலருக்கு முகம் சுருங்கும். இரண்டு முறை வேலிக்குச் செலவழித்தவர்கள் மட்டும் உடனே தலையாட்டுவார்கள்.

தோட்டத்துக்குள் நிற்பதைக் கண்டால் அருகே போய் விரட்டவோ கைப்பேசியில் படம் பிடிக்கவோ முயலாதீர்கள். அது வெளியேறும் பக்கத்தை அடைக்காமல், வீட்டுக்குள் இருந்தபடி வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

ஒரு நாயைக் கட்டி வைத்தால் போதாதா?

பகலில் குரங்குக்கு நாய் நல்லதுதான், அது பாத்தியில் புரளாத நாயாக இருந்தால். இரவில் தோட்டத்தில் கட்டி வைப்பதை மட்டும் செய்யாதீர்கள். கட்டிய நாய் சிறுத்தைக்கு எளிய இரை. நாற்றைக் காக்கப் போய் வாசலுக்குச் சிறுத்தையை வரவழைத்ததாகிவிடும்.

சின்னத் தோட்டத்துக்குச் சோலார் வேலி போடலாமா? நேரடியாகக் கரண்ட் கொடுத்தால் என்ன?

வீட்டு மின்சாரத்தை வேலிக்கம்பிக்குக் கொடுப்பது குற்றம். அதில் யானைகளும் செத்திருக்கின்றன, வேலி போட்டவர் வீட்டு மனிதர்களே செத்ததும் உண்டு. சோலார் வேலி அப்படியல்ல. அதன் கருவி நொடிக்கு ஒரு முறை, மிகக் குறுகிய நேரத்துக்கு மட்டும் துடிப்பு கொடுப்பதால் அடி வலிக்கும், உயிர் போகாது. அதற்கும் ஒழுங்குமுறை உண்டு: மின்வேலிகளுக்கெனத் தமிழக அரசு 2023-இல் விதிகள் கொண்டுவந்துள்ளது, காப்புக்காட்டை ஒட்டிய பகுதிகளில் புதிதாகப் போட மாவட்ட வன அலுவலரின் அனுமதி வேண்டும், ஏற்கெனவே உள்ளவற்றையும் பதிவுசெய்ய வேண்டும். புல் வளர்ந்து கம்பியைத் தொட்டால் துடிப்பு மண்ணுக்குள் இறங்கிவிடும் என்பதால், மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை அடியில் புல் வெட்ட வேண்டியிருக்கும். நான்கு பாத்திக்கு இத்தனையும் தேவையில்லை என்பது என் கருத்து.

கண்ணி வைத்துப் பிடித்து, உயிரோடு தூரத்தில் விட்டுவிட்டால் அது தப்பா?

தப்புதான். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்பதில் கொல்வதை மட்டுமல்ல, கண்ணி வைப்பது, பிடிப்பது, நஞ்சு வைப்பது, அதற்கு முயல்வது எல்லாவற்றையும் சேர்த்தே சொல்கிறது. முயலுக்கு வைத்த கம்பிக் கண்ணியில் பக்கத்து வீட்டு நாயோ சிறுத்தைக்குட்டியோ விழலாம் என்பது வேறு. தின்பண்டத்துக்குள் வெடிமருந்தை வைக்கும் அவுட்டுக்காயைப் பற்றியும் சிலர் தணிந்த குரலில் கேட்கிறார்கள். அப்படிக் கேட்பவர்களுக்கு நான் நாற்று விற்பதில்லை.

நான்கு பக்கமும் மேலும் மூடிய கூண்டுக்குள்ளேயே செடி வெட்டப்பட்டிருக்கிறதே, எப்படி?

எதிரி உள்ளேயே இருக்கிறது. முதல் விடையில் சொன்ன வெட்டுப்புழு, பகலில் மண்ணுக்குள் சுருண்டு கிடந்து, இரவில் வெளிவந்து, தண்டைத் தரைமட்டத்தில் அறுக்கும். வெட்டுண்ட செடியைச் சுற்றி இரண்டு அங்குல ஆழத்துக்குக் கிளறினால் பெரும்பாலும் கிடைத்துவிடும். நடுவதற்கு இரண்டு வாரம் முன்பே களை நீக்கி மண்ணைப் புரட்டி வெயில் காட்டினால், கொண்டைக்குருவிகளும் மைனாக்களும் புழுவைப் பொறுக்கிவிடும். நடும்போது ஒவ்வொரு தண்டைச் சுற்றியும் தடித்த அட்டையால் ஒரு வளையம், ஓர் அங்குலம் மண்ணுக்குள்ளும் இரண்டு அங்குலம் வெளியேயுமாகச் செருகுங்கள். அட்டை மக்குவதற்குள் தண்டு முற்றிவிடும்.

பக்கத்து வீட்டிலும் முட்டைக்கோஸ்தான். ஏன் என் தோட்டத்துக்கு மட்டும் வருகின்றன?

மூன்று இடங்களைப் போய்ப் பாருங்கள். முதலாவது, வேலிக்கு வெளியே உண்ணிச்செடிப் புதர் இருக்கிறதா என்று. பகலில் பன்றி படுத்திருக்க அதைவிட நல்ல மறைவு இல்லை. பாத்தியிலிருந்து இருபது அடிக்காவது அதை வெட்டித் திறந்தவெளியாக்கினால், அவை அதைக் கடந்து வரத் தயங்கும். இரண்டாவது, உங்கள் குப்பைக்குழி. பழத்தோலின் வாடைக்குக் கரடிகூட வரும். விளக்கெண்ணெய்க்காகக் கோயிலுக்குள் கரடி நுழைந்த கதைகள் கோத்தகிரியில் எல்லாருக்கும் தெரியும். குழிக்கு மூடி போடுங்கள்.

மூன்றாவது, உங்கள் தண்ணீர்க் குழாய். ஜனவரி முதல் மார்ச் வரை, உறைபனியில் கருகிச் சுற்றிலும் புல்லெல்லாம் வைக்கோல் நிறத்தில் நிற்கும்போது, தினமும் தண்ணீர் விடுகிற உங்கள் நிலம் ஒன்றுதான் அந்தச் சரிவில் பச்சையாகத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரர் அந்த மாதங்களில் பாத்தியைத் தரிசாகப் போட்டுவிட்டு, ஏப்ரல் மழைக்குப் பிறகு நடுகிறாரா என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் காலத்தில் நடத்தான் வேண்டுமென்றால், இருக்கிற கூண்டுகளின் எண்ணிக்கைக்கு மேல் ஒரு பாத்தியும் நடாதீர்கள்.